பிரேக் போட்டும் நிற்காத மோட்டார்

மொட்டை மாடித் தொட்டிக்காக நான் செய்த தானியங்கி மோட்டார் பெட்டி இப்போது நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கிறது. ஓடுவதில் அதற்கு எப்போதும் குறை இருந்ததில்லை, நிறுத்துவதில்தான் தகராறு. சென்சார், ரிலே எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு முடித்த பிறகு குற்றவாளி புரோகிராமுக்குள் ‘பிரேக்’ (சுற்றை விட்டு வெளியே வா என்ற கட்டளை) என்ற ஒற்றை வரியாக உட்கார்ந்திருந்தது. அந்த வரியில் பிழை எதுவும் இல்லை. அதைச் சுற்றியிருந்த கட்டமைப்பை மாற்றியதில், அது வெளியேறும் இடம் மாறிவிட்டது. இதைப் பிடிக்கப் போன வழியில் இன்னும் சில பக் (புரோகிராம் பிழைகள்) கிடைத்தன, அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என்னென்ன வாங்கினேன்

தொட்டி 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். மோட்டார் 1 எச்பி, சிங்கிள் ஃபேஸ். கீழே சம்ப். மூளையாக ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கணினிப் பலகையின் குளோன் (நகல்) ஒன்று, 260 ரூபாய். தண்ணீர் மட்டம் பார்க்க ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற நீர்புகா அல்ட்ராசோனிக் சென்சார், 420. ஒற்றை ரிலே (சின்ன சிக்னலால் இயங்கும் மின்சுவிட்ச்) மாடியூல் 70, கான்டாக்டர் (மோட்டாரைத் தாங்கும் வலுவான ரிலே) 750, 5 வோல்ட் அடாப்டர் 150, பெட்டி 200, நாலு கோர் கேபிள் 15 மீட்டர் 450, சம்ப்புக்கு ஒரு மிதவை 180. கூட்டினால் 2,480 ரூபாய்.

ரிலே இருக்கும்போது கான்டாக்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: மாடியூலில் இருக்கும் சின்ன நீல ரிலேயில் 10 ஆம்பியர் என்றுதான் அச்சடித்திருக்கும். 1 எச்பி மோட்டார் ஓடும்போது அதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். ஆனால் கிளம்பும் கணத்தில் பல மடங்கு இழுக்கும், அதில் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. அதனால் ரிலே கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாரைக் கான்டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும். 750 ரூபாயை இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். 230 வோல்ட் பக்கத்து வேலையை எலக்ட்ரீஷியனை வைத்தே செய்தேன்.

நானோவும் சென்சாரின் போர்டும் தொட்டிக்குக் கீழே மாடிப்படி அறையில். ரிலேயும் கான்டாக்டரும் கீழே மோட்டார் போர்டில். நாலு கோரில் 5 வோல்ட், கிரவுண்ட், ரிலே சிக்னல், மிதவை என்று கணக்குச் சரியாகப் போனது. மிதவை வயர் 15 மீட்டர் போவதால் நானோவின் உள் புல்-அப் (வயரை உயர்ந்த வோல்ட்டில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) போதவில்லை, மோட்டார் கிளம்பும்போதெல்லாம் ‘சம்ப் காலி’ என்று பொய் சொன்னது. வெளியே ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டதும் அடங்கியது.

சென்சார் தொட்டி மூடியில், கீழ்நோக்கி. இந்த வகைச் சென்சாருக்கு முகத்துக்கு மிக அருகே கண் தெரியாது. 20, 25 சென்டிமீட்டருக்குள் வந்தால் ஏதாவது ஒரு எண்ணை உளறும். அதனால் தண்ணீர் மூடியிலிருந்து 30 செ.மீ. தூரத்துக்கு வந்ததும் ‘நிறைந்தது’, 90 செ.மீ.க்குக் கீழே இறங்கினால் ‘நிரப்பு’ என்று வைத்தேன். எதிரொலி வர எடுத்த மைக்ரோ விநாடியை 58 ஆல் வகுத்தால் சென்டிமீட்டர் வந்துவிடும்.

வேலை செய்த முதல் வடிவம்

நிரப்பும் பகுதி முதலில் இப்படி இருந்தது. புரோகிராம் சொற்களைத் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன், அப்படியே எடுத்து ஆர்டுயினோவில் ஒட்டாதீர்கள்.

மோட்டார்_ஓட்டு();
வைல் (1) {
  தூரம் = அளவெடு();
  இஃப் (தூரம் <= 30) பிரேக்;
  இஃப் (சம்ப்_காலி()) பிரேக்;
  டிலே(500);
}
மோட்டார்_நிறுத்து();

முடிவில்லாத வைல் (நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும் லூப், அதாவது சுற்று), உள்ளே இரண்டு இஃப் (இப்படியானால் இதைச் செய்), இரண்டிலும் பிரேக். இஃப் என்பது பிரேக்கைப் பொறுத்தவரை ஒரு பொருட்டே இல்லை. இஃபுக்குள் எத்தனை அடுக்கு ஆழத்தில் இருந்தாலும் பிரேக் அவற்றையெல்லாம் தாண்டி, தன்னைச் சூழ்ந்திருக்கும் மிக நெருக்கமான லூப்பிலிருந்து வெளியே வரும். இங்கே வைலிலிருந்து வெளியே வந்து அடுத்த வரிக்குப் போகும், மோட்டார் நிற்கும். எந்தக் காரணத்தால் வெளியே வந்தாலும் நிறுத்தும் வரி ஒன்றுதான். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கும்.

இதை எழுதுவதற்கு முன் வைலே இல்லாமல், ஆர்டுயினோவின் லூப் ஃபங்ஷனுக்குள் (ஃபங்ஷன் என்பது பெயரிட்ட கட்டளைத் தொகுப்பு) நேராக இஃப் எழுதி அதில் பிரேக் போட்டுப் பார்த்தேன். கம்பைலர் (புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) ஏற்கவில்லை. பிரேக் எந்த லூப்புக்குள்ளும் இல்லை, ஸ்விட்ச்சுக்குள்ளும் (ஒரு மதிப்பைப் பார்த்துப் பல ‘கேஸ்’களில் ஒன்றுக்குத் தாவும் கட்டளை) இல்லை என்று சொல்லிவிட்டது. பெயர்தான் லூப், உண்மையில் அது ஒரு சாதாரண ஃபங்ஷன். அதைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும் லூப் நம் கண்ணில் படாமல் வேறு கோப்பில் இருக்கிறது. அங்கே நடுவில் வெளியேற வேண்டுமென்றால் ரிட்டர்ன், அதாவது ஃபங்ஷனையே விட்டுத் திரும்பும் கட்டளைதான் வழி. புதிதாக ஆர்டுயினோ தொடுபவர்களில் பாதிப் பேராவது இங்கே ஒரு முறை தடுக்கி விழுந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கம்பைலர் செய்தியில் ‘ஸ்விட்ச்’ என்ற சொல்லும் இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. விடை அதற்குள்ளேயே இருந்தது.

அழகுபடுத்தல்

சில வாரம் ஓடியது. அப்புறம் மோட்டார் எதனால் நின்றது என்று தெரிந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. தொட்டி நிறைந்ததாலா, சம்ப் காலியானதாலா, நேரம் கடந்ததாலா? ஒவ்வொன்றுக்கும் எல்இடி வெவ்வேறு விதமாக மின்னட்டும். நிலைகளாகப் பிரித்து ஸ்விட்ச்சில் எழுதினால் படிக்கச் சுத்தமாக இருக்கும். இதில் வரும் மில்லிஸ் என்பது நானோ கிளம்பியதிலிருந்து ஓடிய மில்லி விநாடி.

வைல் (1) {
  தூரம் = அளவெடு();
  ஸ்விட்ச் (நிலை) {
    கேஸ் தொடக்கம்:
      மோட்டார்_ஓட்டு();
      ஆரம்பம் = மில்லிஸ்();
      நிலை = நிரம்புகிறது;
      பிரேக்;
    கேஸ் நிரம்புகிறது:
      இஃப் (தூரம் <= 30) நிலை = நிறைந்தது;
      இஃப் (சம்ப்_காலி()) நிலை = வறட்சி;
      இஃப் (மில்லிஸ்() - ஆரம்பம் > வரம்பு) நிலை = நேரமுடிவு;
      பிரேக்;
    கேஸ் நிறைந்தது:
    கேஸ் வறட்சி:
    கேஸ் நேரமுடிவு:
      பதிவு(நிலை);
      பிரேக்;
  }
  டிலே(500);
}
மோட்டார்_நிறுத்து();

பார்க்க ஒழுங்காக இருக்கிறது. கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஓவர்ஃப்ளோ பைப்பிலிருந்து பக்கத்து வீட்டுச் சுவர் வரை தண்ணீர் கொட்டியது. கையால் நிறுத்தும் பட்டனை அழுத்தினால் அதுவும் கேட்கவில்லை, எம்சிபியை (மின் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்சை) இறக்கித்தான் நிறுத்த முடிந்தது. பட்டன் ஏன் கேட்கவில்லை என்பதே ஒரு தடயம்தான். அதை லூப் ஃபங்ஷனில்தான் படிக்க வைத்திருந்தேன். புரோகிராம் வைலை விட்டு வெளியே வந்திருந்தால் பட்டன் வேலை செய்திருக்கும். அந்த நேரத்தில் மனம் அங்கே போகவில்லை, சென்சார் மேல்தான் போனது.

தேடிய இடங்கள்

முதல் சந்தேகம் எதிரொலி. அல்ட்ராசோனிக் கற்றை கூம்பு மாதிரி விரியும். தொட்டிச் சுவரிலோ உள்ளே வரும் பைப்பிலோ பட்டுத் திரும்பினால் தவறான தூரம் வரும். சென்சாரைப் பைப்பிலிருந்து தள்ளி வைத்து, டேப்பை இறக்கி அளந்து பார்த்தேன். டேப் 62 சொன்ன இடத்தில் சென்சார் 61, 63 என்று சொன்னது. இதற்கு மேல் துல்லியம் இந்த வேலைக்குத் தேவையில்லை.

அடுத்து ரிலே. முனைகள் ஒட்டிக்கொண்டதோ என்று கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தேன், சரியாகத்தான் திறந்து மூடியது. இருந்தாலும் புதிதாக ஒன்று மாற்றினேன். கான்டாக்டர் காயில் அணையும்போது ரிலே முனைகளில் ஏற்படும் மின்பொறியை அடக்க 40 ரூபாய்க்கு ஒரு ஸ்னப்பரும் வாங்கிப் போட்டேன். ஸ்னப்பர் இருக்க வேண்டியதுதான், வீண் செலவென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதனால் எதுவும் மாறவில்லை.

மூன்றாவதாகச் செய்ததுதான் என்னை நன்றாகத் திசை திருப்பியது. தர்க்கத்தில் கோளாறு இருக்குமோ என்று லேப்டாப்பில் பைத்தான் மொழியில் அதே கட்டமைப்பை எழுதினேன். பைத்தான் 3.10 முதல் ஸ்விட்ச் மாதிரியே மேட்ச்-கேஸ் இருக்கிறது. சென்சாருக்குப் பதிலாக 110, 90, 60, 45, 31, 29 என்று ஒரு பட்டியலைக் கொடுத்தேன். 29 வந்ததும் நிலை மாறியது, அடுத்த சுற்றில் வைலை விட்டு வெளியே வந்தது, ‘மோட்டார் நின்றது’ என்று அச்சிட்டது. அப்பாடா, தர்க்கம் சரி, கோளாறு வயரிங்கில்தான் என்று மீண்டும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

கடைசியில் மோட்டாரைக் கழற்றிவிட்டு மேஜையில் சோதனை அமைப்பு ஒன்று செய்தேன். இதை முதலிலேயே செய்திருந்தால் பாதி வேலை மிச்சம். ரிலேக்குப் பதில் ஒரு எல்இடியும் 330 ஓம் ரெசிஸ்டரும். தண்ணீருக்குப் பதில் ஒரு கனமான அட்டை, அதைச் சென்சாருக்கு முன்னால் நகர்த்தினால் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். சீரியல் மானிட்டரை (நானோ அனுப்பும் எழுத்துகளைக் காட்டும் சாளரம்) 9600 வேகத்தில் திறந்து வைத்துக்கொண்டு அட்டையை மெதுவாக நெருக்கினேன். 30-ஐத் தொட்டதும் திரையில் ‘நிறைந்தது’ என்று வந்தது. அரை விநாடியில் இன்னொரு ‘நிறைந்தது’. அப்புறம் இன்னொன்று. திரை கீழே போய்க்கொண்டே இருந்தது, எல்இடி எரிந்துகொண்டே இருந்தது.

சென்சார் சரி. நிலை மாறுவது சரி. ‘நிறைந்தது’ கேஸுக்குள் போகிறது, பிரேக்கையும் அடைகிறது. ஆனால் அந்தப் பிரேக் ஸ்விட்ச்சை விட்டு வெளியே வந்து, டிலேயைச் செய்து, வைலின் தலைக்குத் திரும்பிப் போகிறது. அறைக்குள் இருப்பவரிடம் ‘வெளியே போ’ என்றால் அவர் கூடத்துக்குத்தான் வருவார், தெருவுக்கு இல்லை. மோட்டாரை நிறுத்தும் வரி தெருவில் நின்றுகொண்டிருந்தது. சம்ப் காலியானாலும் இதே கதிதான். தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடி சீல் கருகாமல் போனது அந்த வாரம் சம்ப்பில் தண்ணீர் இருந்ததால் மட்டுமே.

பைத்தானில் ஏன் சரியாக ஓடியது என்றால், அங்கே மேட்ச்சுக்குப் பிரேக் தேவையே இல்லை, அதனால் கடைசிக் கேஸ்களில் மட்டும்தான் பிரேக் எழுதியிருந்தேன். ஒரு கேஸ் முடிந்ததும் அதுவாகவே வெளியே வந்துவிடும். எனவே உள்ளே இருக்கும் பிரேக்கை மேட்ச் பிடித்துக்கொள்வதில்லை, அது நேராக வைலை விட்டே வெளியே வருகிறது. சி, சி பிளஸ் பிளஸ் (ஆர்டுயினோவின் மொழி), ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் நான்கிலும் ஸ்விட்ச் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். கோ மொழியில் ஒரு கேஸிலிருந்து அடுத்ததற்கு வழிவதே கிடையாது, அதனால் பிரேக் அநேகமாகத் தேவையில்லை. ஆனாலும் போட்டால் ஸ்விட்ச்சிலிருந்துதான் வெளியே வரும், லூப்பிலிருந்து இல்லை. ஒரு மொழியில் சோதித்து இன்னொன்றில் ஓட்டுபவர்கள் இந்த இடத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கோணல்: சியில் ஸ்விட்ச் பிரேக்கை மட்டும்தான் பிடிக்கும், கன்டினியூ என்ற, லூப்பின் அடுத்த சுற்றுக்குப் போகச் சொல்லும் கட்டளையைப் பிடிக்காது. அதே இடத்தில் கன்டினியூ என்று எழுதினால் அது ஸ்விட்ச்சைத் தாண்டி வைலின் அடுத்த சுற்றுக்குப் போய்விடும். இரண்டு சொல்லும் ஜோடி என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

நியூயார்க்கில் நடந்தது

இது சின்ன விஷயம் என்று நினைத்தால், 1990 ஜனவரி 15-ஐப் பாருங்கள். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி வலை ஏறக்குறைய 9 மணி நேரம் தடுமாறியது. 4இஎஸ்எஸ் என்ற 114 இணைப்பகங்களிலும் அதே புரோகிராம்தான் ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய மாதம்தான் அதன் புதிய வடிவத்தை ஏற்றியிருந்தார்கள். நியூயார்க்கில் ஒரு இணைப்பகம் தன்னைச் சரிசெய்துகொண்டு மீண்டும் பேசத் தொடங்கியது. அதிலிருந்து இரண்டு செய்திகள் மிக நெருக்கமாக அடுத்தடுத்து வந்தபோது, பக்கத்து இணைப்பகத்தின் புரோகிராம் குழம்பி தன்னையே மீண்டும் துவக்கிக்கொண்டது. அது எழுந்து பேசியதும் அதன் பக்கத்தில் உள்ளவை விழுந்தன. இப்படியே வலை முழுக்கப் பரவியது.

அந்தப் புரோகிராமும் சியில் எழுதியது. லூப்புக்குள் ஸ்விட்ச், ஸ்விட்ச்சுக்குள் இஃப், இஃபுக்குள் ஒரு பிரேக். இஃப் பகுதியை மட்டும் விட்டு வெளியே வரும் என்று எழுதியிருந்த பிரேக், ஸ்விட்ச்சையே விட்டு வெளியே வந்துவிட்டது. செய்ய வேண்டிய சில வேலைகள் தவறிப்போய், தகவல் ஒன்றன் மேல் ஒன்றாக எழுதப்பட்டது. என் பக் அதற்கு நேர் எதிர்த் திசை. அவர்களுடைய பிரேக் நினைத்ததைவிட ஒரு அடுக்கு கூடத் தாண்டியது, என்னுடையது ஒரு அடுக்கு குறைவாகத் தாண்டியது. இரண்டுமே கம்பைலருக்குச் சரியான புரோகிராம்தான்.

சரிசெய்த விதம்

முதலில் ஒரு கொடி மாறி (முடிந்ததா இல்லையா என்று குறித்து வைக்கும் எண்) வைத்தேன். வைல் (1) என்பதை வைல் (முடியவில்லை) என்று மாற்றி, ‘நிறைந்தது’ கேஸில் முடியவில்லை = 0. வேலை செய்தது. ஆனால் கொடியை மாற்றிய பிறகும் ஸ்விட்ச்சுக்குக் கீழே இருக்கும் வரிகள் ஒரு முறை ஓடிவிட்டுத்தான் நிற்கும். என் விஷயத்தில் அரை விநாடி டிலே மட்டும், அதனால் கெடுதல் இல்லை. நாளைக்கு அந்த இடத்தில் வேறு ஏதாவது சேர்த்தால் என்ன ஆகும் என்ற கவலை இருந்தது.

கோட்டூவும் (குறித்த வரிக்கு நேராகத் தாவும் கட்டளை) போட்டுப் பார்த்தேன். முகம் சுளிக்காதீர்கள், இரண்டு மூன்று அடுக்கிலிருந்து ஒரே தாவலில் வெளியே வர சியில் அது நேரான வழிதான். ஆனால் ஆர்டுயினோ உண்மையில் சி பிளஸ் பிளஸ். தாவும் வழியில் ஒரு மாறிக்குத் தொடக்க மதிப்புக் கொடுக்கும் வரியைத் தாண்டினால் கம்பைலர் விடாது. எனக்கு அப்படி ஒன்று குறுக்கே இருந்தது. அதை நகர்த்தலாம், ஆனால் மனம் ஒப்பவில்லை.

ஜாவாவாக இருந்தால் வைலுக்கு ஒரு பெயர் வைத்து, பிரேக்குடன் அந்தப் பெயரைச் சொல்லலாம். ஜாவாஸ்கிரிப்ட், கோ, ரஸ்ட், கோட்லின், ஸ்விஃப்ட் எல்லாவற்றிலும் அந்த வசதி உண்டு. பிஎச்பியிலும் ஷெல்லிலும் ‘பிரேக் 2’ என்று எண் போட்டாலே போதும். எண்ணைவிடப் பெயர்தான் நல்லது என்பேன். நடுவில் ஒரு அடுக்கைக் கூட்டினால் எண் பொய்யாகிவிடும், பெயர் பொய்யாகாது. சியில் இரண்டும் இல்லை.

கடைசியில் வைலை முழுதாக ‘நிரப்பு’ என்று ஒரு தனி ஃபங்ஷனாக்கினேன். கடைசி மூன்று கேஸிலும் பிரேக்கை எடுத்துவிட்டு ரிட்டர்ன் நிலை என்று எழுதினேன். கூப்பிடும் இடத்தில் இரண்டே வரி:

காரணம் = நிரப்பு();
மோட்டார்_நிறுத்து();

ரிட்டர்னுக்கு ஸ்விட்ச்சும் தெரியாது, வைலும் தெரியாது. எத்தனை அடுக்கு இருந்தாலும் ஃபங்ஷனை விட்டு வெளியே வரும். நாளை யாராவது, அநேகமாக நானேதான், ஸ்விட்ச்சை மறுபடி இஃப்-எல்ஸாக மாற்றினாலும் அதன் அர்த்தம் மாறாது. நிறுத்தும் வரி ஒன்றே ஒன்று என்ற ஏற்பாடும் தங்கியது.

அரைத் தொட்டியில் நின்ற மோட்டார்

வழிவது நின்றது. அடுத்த தொந்தரவு: சில நாள் மோட்டார் பாதித் தொட்டியிலேயே நின்றது, எல்இடி ‘நிறைந்தது’ என்று மின்னியது. இந்தக் கோளாறும் ஸ்விட்ச்சுக்கு மாற்றியபோதே வந்ததுதான். ஆனால் அப்போது மோட்டார் நிற்கவே நிற்காததால் வெளியே தெரியவில்லை. அந்த மாற்றத்தோடு சேர்த்து, ஐந்து அளவுகளின் சராசரி எடுக்க இப்படி எழுதியிருந்தேன்:

கூட்டல் = 0;
ஃபார் (இ = 0; இ < 5; இ++) {
  த = பிங்();
  இஃப் (த == 0) பிரேக்;
  கூட்டல் += த;
  டிலே(60);
}
ரிட்டர்ன் கூட்டல் / 5;

பிங் என்பது உள்ளே பல்ஸ்இன் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்துகிறது. குறித்த நேரத்துக்குள் எதிரொலி வராவிட்டால் பல்ஸ்இன் 0 தரும். நான் கொடுத்திருந்தது 30,000 மைக்ரோ விநாடி. 0 வந்தால் அந்த அளவை விட்டுவிடு என்ற எண்ணத்தில் பிரேக். இங்கே பிரேக் போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறது, ஃபார் என்ற லூப்பிலிருந்து வெளியே. ஆனால் மிச்ச அளவுகளையும் கைவிட்டுவிட்டுப் போகிறது. வகுக்கும் எண்ணோ 5 ஆகவே இருக்கிறது.

தண்ணீர் 60 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். முதல் இரண்டு அளவு 60, 60. மூன்றாவதில் எதிரொலி இல்லை. கூட்டல் 120, ஐந்தால் வகுத்தால் 24. 24 என்பது 30-ஐ விடக் குறைவு, ஆக ‘நிறைந்தது’. முதல் அளவிலேயே 0 வந்தால் சராசரியே 0, அதுவும் ‘நிறைந்தது’. தண்ணீர் விழும் இடத்தில் மேற்பரப்பு கலங்கிக்கொண்டே இருப்பதால் எதிரொலி தவறுவது சாதாரணம். மேஜையில் அட்டையை வைத்துச் சோதித்தபோது இது வரவில்லை, ஏனென்றால் அட்டை கலங்காது.

இங்கே வேண்டியது கன்டினியூ. இந்த அளவை விடு, அடுத்ததற்குப் போ. கூடவே நல்ல அளவுகளை எண்ண ஒரு கணக்கும் வேண்டும். இப்போது அதிகபட்சம் 15 முறை பிங் செய்கிறேன். 0 வந்தால் கன்டினியூ, 5 நல்ல அளவு சேர்ந்ததும் பிரேக். சராசரிக்குப் பதிலாக வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுக்கிறேன். ஒற்றை உளறல் எண் வந்தாலும் நடு எண் அசையாது. 15 முறையிலும் 5 தேறாவிட்டால் -1 தருகிறது, அதற்கு ‘சென்சார் பழுது’ என்று ஒரு நிலை. ஒரு எச்சரிக்கை: -1 என்பதும் 30-ஐ விடச் சிறிய எண்தான். அதனால் பழுதுச் சோதனையை ‘நிறைந்தது’ சோதனைக்கு முன்னால் செய்து, அங்கேயே ரிட்டர்ன் ஆகிவிட வேண்டும்.

கன்டினியூ போட்டபோது இன்னொன்றைக் கவனித்தேன். லூப்பின் கடைசியில் இருந்த 60 மில்லி விநாடி டிலேயை அது தாண்டிவிடுகிறது. முந்தைய ஒலி அடங்குவதற்குள் அடுத்த ஒலி கிளம்பிவிடும். டிலேயை லூப்பின் தலைக்கு மாற்றினேன்.

ஓடாத கடிகாரம்

நேரமுடிவுப் பாதுகாப்பையும் ஒரு முறை சோதித்துவிடலாம் என்று அட்டையை 60 செ.மீ.யில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வரம்பு 40 நிமிடம். திரும்பி வந்து பார்த்தால் எல்இடி எரிந்துகொண்டே இருக்கிறது. வரம்பை 40 * 60 * 1000 என்று எழுதியிருந்தேன். நானோவில் சாதாரண முழு எண் 16 பிட், 32,767 வரைதான் கொள்ளும். 24 லட்சம் அதில் வழிந்து -24,832 ஆகிவிடுகிறது. மில்லிஸ் தரும் குறியில்லாத (எதிர்மறை ஆகாத) நீள எண்ணோடு ஒப்பிடும்போது அது 429 கோடிக்கு மேல் போய்விடும், அதாவது 49 நாளுக்கும் மேல். 40-க்குப் பின்னால் ‘யுஎல்’ (குறியில்லாத நீள எண் என்பதன் குறி) என்று இரண்டு எழுத்துச் சேர்த்ததும் தீர்ந்தது.

இதைக் கம்பைலர் சொல்லியிருக்கும். ஆர்டுயினோ மென்பொருளில் எச்சரிக்கைகள் இயல்பாகவே அணைந்திருக்கும், அமைப்புகளில் போய் ‘எல்லாம்’ என்று மாற்ற வேண்டும். மாற்றியதும் இந்த வழிதலைக் காட்டியது. ஒரு கேஸில் பிரேக்கை மறந்து அடுத்த கேஸுக்குள் வழிந்தாலும் காட்டுகிறது. வேண்டுமென்றே ஒன்றை அழித்துப் பார்த்தேன், உடனே சொன்னது. ஆனால் வைலுக்குள் ஸ்விட்ச், ஸ்விட்ச்சுக்குள் பிரேக் என்பதற்கு எந்த எச்சரிக்கையும் வராது. அது தினமும் எல்லோரும் எழுதும் முறை, கம்பைலர் எதைப் பார்த்துச் சந்தேகப்படும்?

அடுத்த முறை

முதலில், வைலையே எடுத்துவிடுவேன். லூப் ஃபங்ஷன் எப்படியும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஸ்விட்ச்சை ஒரு முறை மட்டும் ஓட்டி, ‘நிறைந்தது’ கேஸுக்குள்ளேயே மோட்டாரை நிறுத்தினால் எதிலிருந்தும் தப்பிக்க வேண்டிய தேவையே வராது. பிரேக் ஸ்விட்ச்சிலிருந்து மட்டும் வெளியே வந்தால் போதும். கையால் நிறுத்தும் பட்டனும் எந்த நேரமும் கேட்கும். இப்போதைக்குப் பட்டனை ‘நிரப்பு’ ஃபங்ஷனுக்குள்ளும் ஒரு முறை படிக்க வைத்திருக்கிறேன், ஒட்டுப்போட்ட வேலைதான்.

சோதனைக்குப் பைத்தானை விட்டுவிட்டு, நிலை மாறும் பகுதியைத் தனிக் கோப்பில் வைத்து, அதே சி பிளஸ் பிளஸ் கோப்பை லேப்டாப்பிலும் கம்பைல் செய்து ஓட்டுவேன். பிங் ஃபங்ஷனை மட்டும் ஒரு பட்டியலால் மாற்றினால் போதும். பட்டியலில் 0-க்களையும் தாராளமாகக் கலந்து கொடுக்க வேண்டும்.

ரிலே மாடியூல் பற்றி ஒன்று: என்னுடையது சிக்னல் தாழ்ந்தால் இயங்கும் வகை. நானோ கிளம்பும்போது ரிலேக்குப் போகும் பின்னை (நானோவின் இணைப்பு முனையை) அவுட்புட் ஆக்குவதற்கு முன்னாலேயே அதை உயர்த்தி வைக்காவிட்டால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் கான்டாக்டர் ஒரு துடி துடிக்கும். வரிசையை மாற்றி எழுதியதும் நின்றது.

புரோகிராமை நம்பாத ஒரு பாதுகாப்பையும் இந்த முறையே சேர்த்துவிட்டேன். தொட்டியின் மேல்பகுதியில், ஓவர்ஃப்ளோ பைப்புக்குச் சற்றுக் கீழே, இன்னொரு மிதவை, 180 ரூபாய். அது நானோவுக்குப் போகவில்லை. கீழே இன்னொரு 5 வோல்ட் சின்ன ரிலே வழியாகக் கான்டாக்டர் காயிலின் வரிசையிலேயே குறுக்கே நிற்கிறது. தொட்டி மூடிக்கு அருகே 230 வோல்ட் கொண்டுபோக வேண்டாம் என்றுதான் அந்தச் சின்ன ரிலே. மிதவை எழும்பினால் நானோ என்ன சொன்னாலும் மோட்டார் நிற்கும். இதற்காக மேலேயிருந்து கீழே இரண்டு கோர் கேபிள் தனியாக இழுக்க வேண்டியதாயிற்று. தொடக்கத்திலேயே ஆறு கோர் வாங்கியிருந்தால் இரண்டாம் முறை சுவரில் கிளிப் அடித்திருக்க வேண்டாம்.